ரத்தக்கசிவு: இல்லை

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு என் மகள் தன்யாவின் கையிலிருந்த வளையம் நிறம் மாறியது. பச்சை போய் சாம்பல். சிவப்பு வைத்தால் பெண்கள் பயந்துவிடுவார்கள் என்று கம்பெனிக்காரர்கள் யோசித்து யோசித்துச் சாம்பலைத் தேர்ந்தெடுத்தார்களாம். ரொம்பத்தான் கரிசனம்.

சாம்பல் என்றால் கரு தொடராது என்று அர்த்தம். அப்போது அவளுக்கு ஏழு வாரம். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து முதல் தடவையாக உண்டாகியிருந்தாள். மாப்பிள்ளை ஜெகதீசுக்குக் கப்பலில் வேலை. அவள் கோவில்பட்டியில் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை லேசாக ரத்தம் படுகிறது என்றதும் லீவு சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்து படுத்தவள்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேர் இசக்கியம்மாள். நடுவக்குளம் சப் சென்டரில் இருபத்தாறு வருஷமாக கிராம சுகாதார செவிலியர். ஊருக்கு நான் இசக்கி சிஸ்டர். நாள் தள்ளிப்போன பெண்ணின் கையில் கருக்காவல் வளையத்தைப் பூட்டுவதும் நான்தான், சாம்பலாகிவிட்டால் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான்.

வளையம் தோல் வழியாகவே ரத்தத்தைப் படிக்கும். ரத்தம் படுவதை அவள் வாய் திறந்து சொல்ல வேண்டாம், அதுவே கண்டுகொள்ளும். இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடரும் அல்லது தொடராது என்று தீர்ப்பு சொல்லும். தொடராது என்றால் அன்றைக்கே பறக்கும் பெட்டியில் சப் சென்டருக்கு மாத்திரை வந்து இறங்கும். வயிற்றைச் சுத்தமாக்கிவிடுகிற மாத்திரை. அந்தப் பெண் அதை விழுங்குகிறவரை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிறகு நான் கையோடு கொண்டுபோகும் கணினிப் பலகையில் என் கட்டைவிரலை வைத்தால் வளையம் தானாகக் கழன்று விழும்.

இதைக் கெட்ட எண்ணத்தில் யாரும் கொண்டுவரவில்லை. பாதி கலைந்தும் கலையாமலும் வீட்டுக்குள்ளேயே கிடந்து, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரி வாசலில் உயிரை விட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். செல்லத்தாய் என்று ஒருத்தி என் மடியிலேயே போனாள். வளையம் வந்த அன்று கூட்டத்தில் முதலில் கைதட்டியது நான்தான். அதனால் ஊரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

சாம்பல் கைக்கு ஸ்கேன் கிடையாது. நிற்காத கருவுக்கு ஸ்கேன் எதற்கு, வரிசைதானே நீளும் என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. தனியார் சென்டரிலும் கையைப் பார்த்து, சாம்பல் இல்லை என்றால்தான் உள்ளே விடுவார்கள். இரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு பேருக்கு நான் மாத்திரை கொடுத்திருந்தேன். நாற்பத்தொன்றாவது வடிவு.

முழுப்பேர் சுடலைவடிவு. முப்பத்தெட்டு வயது, தீப்பெட்டி ஆபீசில் வேலை, கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து உண்டானவள். தன்யாவுக்குப் பத்து நாள் முன்னால் அவளுக்குச் சாம்பல். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் பாப்பமா சிஸ்டர்? நேத்தைக்கு இன்னைக்கு கொறஞ்ச மாதிரிதான் இருக்கு."

"வளையம் பொய் சொல்லாது வடிவு. வச்சுக்கிட்டு இருந்தா உன் உசுருக்குத்தான் ஆபத்து."

"அதுக்கில்ல. ரெண்டே ரெண்டு நாளு."

"முழுங்கு. எனக்கு இன்னும் மூணு வீடு போகணும்."

விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டு என்றேன். காட்டினாள். கட்டைவிரல் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

என் மகளுக்கான மாத்திரை மதியம் ஒன்றரைக்கு வந்தது. கை பழக்கத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கியது. வீட்டுக்கு வந்தபோது தன்யா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"கொண்டாந்துட்டியாம்மா?"

"ம்."

"வயிறு வலிக்கவே இல்லம்மா. லேசா, அதும் பழுப்பாத்தான் படுது." திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "என்னைய உண்டாயிருந்தப்ப உனக்கு இப்படி ஏதும் பட்டுச்சா?"

"இல்லை" என்றேன்.

மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. கேள்வி வந்ததும் பதில் தானாக வந்து விழுந்துவிட்டது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய் நின்றேன்.

பட்டது. தன்யாவைச் சுமந்தபோது எட்டாவது வாரம், மூன்று நாள், பீட்ரூட் கழுவிய தண்ணீர் போலப் பட்டது. மாமியாரிடம் மட்டும் சொன்னேன். "நாக்கை அடக்கு. மூணு மாசம் போகட்டும். ஊருக்கண்ணு பொல்லாதது" என்றாள். அடக்கினேன். நாலாம் நாள் நின்றது. என் கர்ப்பிணி அட்டையை நானேதான் நிரப்பினேன். ரத்தக்கசிவு உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். மூன்று கிலோ இருநூறு கிராமில் தன்யா பிறந்தாள்.

எனக்கு மட்டுமா எழுதினேன்? எங்கள் பக்கத்தில் மூன்று மாசம் முடியாமல் முழுகாமல் இருப்பதை வெளியே சொல்லமாட்டார்கள். அப்படிச் சொல்லாததற்குள் இன்னொன்றையும் சொல்லமாட்டார்கள். தப்பித் தவறி யாராவது என்னிடம், "முந்தின மாசம் ரெண்டு நாள் பட்டுச்சு சிஸ்டர், பொறவு நின்னுட்டு" என்றால், உடனே அடுத்த வார்த்தை, "எழுதிராதீக." எழுதினால் 'ஹை ரிஸ்க்' பட்டியல். மாசத்துக்கு இரண்டு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்க வேண்டும், ஊருக்கே தெரிந்துபோகும். எனக்கும் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒவ்வொரு பேருக்கும் பதில் சொல்கிற பாடு. அவள் கெஞ்சினாள், எனக்கும் சவுகரியம். 'இல்லை' என்று எழுதினேன்.

கலைந்துபோனவர்களுக்கு மட்டும் அது முடியாது. கருச்சிதைவுப் படிவத்தில் முன்னறிகுறி என்ன என்று கேட்டிருக்கும். அங்கே மட்டும் 'ஆம், லேசான ரத்தக்கசிவு' என்று ஒழுங்காக எழுதினேன்.

பட்டு, நின்று, பிள்ளை பெற்றவள் எல்லாம் என் பதிவேட்டில் 'இல்லை'. பட்டு, பறிகொடுத்தவள் மட்டும் 'ஆம்'.

அடுப்படியில் நின்றபடியே நஸ்ரினுக்குப் போன் போட்டேன். அவள் சென்னையில் வளையக் கம்பெனியின் புள்ளிவிவரப் பிரிவில் இருக்கிறவள், என் மகள் வயது. அஞ்சு வருஷம் முன்னால் எங்கள் வட்டாரத்துப் பழைய பதிவேடுகளை எல்லாம் படம் எடுக்க வந்தபோது என் வீட்டில்தான் சாப்பிட்டாள். என் பதிவேட்டைப் பார்த்து, "இவ்வளவு சுத்தமா நான் எங்கேயும் பார்த்ததில்ல மேடம்" என்று மேலிடத்துக்கு எழுதி, எனக்கு ஒரு கேடயம்கூட வந்தது. இன்னும் டிவி மேல்தான் இருக்கிறது.

"நஸ்ரின், ஒரு சந்தேகம். லேசா ரத்தம் பட்டாலே வளையம் தொடராதுனு சொல்லிருதே, அது எப்படிம்மா?"

"அது நாங்க சொல்லிக்கொடுக்கிறதில்ல மேடம். பழைய பதிவேட்டை எல்லாம் படிச்சு அதுவே கத்துக்கிச்சு. உங்க வட்டாரத்துல ரத்தக்கசிவு ஆம்னு இருந்தவங்க ஆயிரத்து இருநூறு பேர். அதுல ஆயிரத்து நூத்தி எழுபது பேருக்கு கரு நிக்கல. அப்போ அது வேற என்னத்தைக் கத்துக்கும்?"

"ஆனா நாங்க நர்சிங் படிச்சப்போ, பாதிக்கு மேல நின்னுரும்னுதானம்மா சொல்லிக்கொடுத்தாங்க."

"ஆமா மேடம், புத்தகத்துல இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு. எங்களுக்கே ஆச்சரியம். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு உடம்புவாகே வேறன்னு எங்க டாக்டர் ஒருத்தர் கட்டுரையே எழுதிட்டார். கரிசல் மண்ணு, தண்ணியில இருக்கிற உப்பு, சின்ன வயசுலேர்ந்து தீப்பெட்டி மருந்துன்னு காரணமெல்லாம் போட்டு."

சிரிப்பு வந்தது. இருபத்தெட்டு சப் சென்டர், இருபத்தெட்டு சிஸ்டர்கள். எல்லாரும் ஒரே மாதிரி பொய் எழுதினால் அதற்குக் கரிசல் மண்ணா பொறுப்பு?

"வளையம் எப்பவாவது தப்பாச் சொல்லியிருக்கா?"

"தொடராதுன்னு சொன்னதுல ஒண்ணுகூட தப்பில்ல மேடம். அத்தனையும் முடிஞ்சிருக்கு."

முடியாமல்? தொடராது என்றதும் மாத்திரை கொடுத்து முடித்துவைத்தது யார்? கழுத்தை நெரித்துவிட்டு, பார் மூச்சு நின்றுவிட்டது என்பது போல இருந்தது. அந்த 'இல்லை' எல்லாம் பொய்யம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஏன் கேக்குறீங்க மேடம்?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டேன்.

நின்றுவிடும் என்று எனக்கு எந்த நிச்சயமும் இல்லை. பார்த்தால்தான் தெரியும் என்பது மட்டும்தான் நிச்சயம். மாத்திரையைக் கடுகு டப்பாவுக்குள் போட்டு மூடினேன். பலகையில், 'மாத்திரை கொடுக்கப்பட்டது, என் முன்னிலையில் விழுங்கினார்' என்று பதிந்து கட்டைவிரலை வைத்தேன். தன்யாவின் வளையம் கழன்று பாயில் விழுந்தது.

"என்னம்மா பண்ணுத?" என்று பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நாம பாப்போம். வலி வந்தாலோ, ரத்தம் கூடினாலோ, தலை சுத்தினாலோ அந்த நிமிசமே ஆஸ்பத்திரி. அதுவரைக்கும் பாப்போம்." பிறகு சொன்னேன். "எனக்கும் பட்டுச்சு. நீ இருக்கேல்ல."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன்.

வெள்ளிக்கிழமை ரத்தம் நின்றது. இரண்டு வாரம் கழித்து, வளையமில்லாத வெறுங்கையோடு மதுரைக்குக் கூட்டிப்போனேன். வளையம் இன்னும் பூட்டவில்லை, இப்போதுதான் தெரியும் என்று சொல்லி ஒரு ஸ்கேன் சென்டரில் படுக்க வைத்தேன். திரையில் அது துடித்துக்கொண்டிருந்தது. அந்த டாக்டர், "நல்லா இருக்கும்மா" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது தன்யா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஊர் நிறுத்தத்திலும் ஒரு பேர் ஞாபகத்துக்கு வந்தது. முருகலட்சுமி, ஜெபக்கனி, பாக்கியத்தாய், வடிவு. நாற்பத்தொரு பேரில் எத்தனை பேருக்கு இப்படித் துடித்திருக்கும்?

ஆவணியில் தன்யாவைப் புதுக் கர்ப்பிணியாகப் பதிந்தேன். கடைசி மாதவிலக்குத் தேதியை இரண்டரை மாசம் தள்ளி எழுதினேன். ரத்தக்கசிவு: இல்லை. பழகிய கை, எழுத்துக்கூட நடுங்கவில்லை. புது வளையம் வந்தது. அது சும்மா இருந்ததா? பிள்ளை வயதுக்கு மீறி வளர்கிறது, தாய்க்குச் சர்க்கரை வியாதி இருக்கலாம் என்று வாரம் தவறாமல் எச்சரித்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த ஒரே விஷயம் அதுதான்.

கார்த்திகையில் நஸ்ரின் அழைத்தாள். குரலிலேயே குதூகலம்.

"மேடம், உங்க சென்டர்ல நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டும் சரி! நூத்துக்கு நூறு. தை ஒண்ணுலேர்ந்து வளையம் எல்லா மாவட்டத்துக்கும் போகுது. விழாவுக்கு உங்களைத்தான் மேடைக்குக் கூப்பிடப் போறாங்க."

ஆனிக்குப் பிறகு என் சென்டரில் வேறு யாருக்கும் சாம்பல் வரவில்லை. நாற்பத்திரண்டாவது அடுத்த அறையில் இருந்தது. கப்பலில் இருக்கிற அப்பாவுக்கு ஸ்வெட்டர் வேண்டுமா என்று தன்யா வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். எங்கள் பதிவேடுகளில் உள்ள 'இல்லை' உண்மையல்ல என்று முதல் வரி. தன்யா பின்னால் வந்து நின்று படித்தாள்.

"எழுதிராதம்மா."

ஆயிரம் வாயில் கேட்ட வார்த்தை. இப்போது என் வீட்டிலேயே.

"தை மாசம் ஊரு பூரா வளையம் பூட்டப் போறாங்கட்டி. எத்தன பிள்ளைக..."

"தெரியும்மா. இப்ப நீ எழுதினா முதல்ல உன் மேலதான் கேசு வரும். அடுத்து என்னைய இழுத்துட்டுப் போயி ஆராய்ச்சி பண்ணுவாக. அந்த நாப்பத்தொரு பேரு வீட்டுக்காரங்களும் நம்ம வாசலுக்கு வருவாக. பிள்ளை பொறக்கட்டும். மாசியில பொறந்துரும். அதுக்கப்புறம் எழுது, நானே கூட நிக்கேன்."

தைக்கும் மாசிக்கும் நடுவில் எத்தனை சப் சென்டரில் எத்தனை மாத்திரை வந்து இறங்கும் என்று அவளுக்கும் தெரியும். கணக்கு டீச்சர்தானே. நான் தாளை மடித்து அந்தக் கடுகு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். மடித்ததற்கு அவளைச் சாக்குச் சொல்லமாட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வடிவு வந்தாள். கையில் ஒரு கட்டு பனங்கிழங்கு. அன்றைக்கு மாத்திரை விழுங்கியதிலிருந்து என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவள் இல்லை. முன்னைவிடப் பிரியமாகத்தான் இருந்தாள். அதுதான் எனக்கு ஆகவில்லை.

"புதுக்கிழங்கு சிஸ்டர். தன்யாவுக்கு அவிச்சுக் குடுங்க. எங்க அவ?"

தன்யா உள்ளேயிருந்து வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து கதவுநிலையைப் பிடித்து நின்றாள். அவளை வெளியே வரவிடாமல் நாலு மாசமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். வடிவு பார்த்தது அன்றைக்குத்தான். முகமெல்லாம் சிரிப்பாக, "ஆத்தாடி! எத்தனாவது மாசம்?" என்றாள்.

"அஞ்சு" என்றேன்.

"அஞ்சா? ரெட்டைப் பிள்ளையா சிஸ்டர்?"

நான் ஏதாவது சொல்வதற்குள் அவள் சிரிப்பு பாதியில் நின்றது. பத்து வருஷம் பிள்ளைக்கு ஏங்கியவளுக்கு மற்றவள் வயிற்றைப் பார்த்து மாசம் சொல்ல எந்த மிஷினும் வேண்டாம். கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். வைகாசி, ஆனி, ஆடி. உதடு மட்டும் அசைந்தது. மார்கழிக்கு வந்து நின்றாள்.

"எனக்கும் இப்ப எட்டு நடக்கும் சிஸ்டர், நின்னுருந்தா. இதே வயிறுதான் இருக்கும்." தன்யாவைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தாள். "ஆனியில தன்யாவுக்கும் பட்டுச்சுனு சொன்னாக. சாம்பலாயிட்டுனும் சொன்னாக. எங்க ஆபீசுல எல்லாரும் பாவம் பாவம்னு பேசிக்கிட்டோம்."

தன்யா தலையை மெல்ல ஆட்டினாள். வேண்டாம் என்று.

"தன்யாவுக்கு அந்த மாத்திரையக் குடுத்தீகளா சிஸ்டர்?"

இருபத்தாறு வருஷமாக ஒரே ஒரு சொல்லை நான் பொய்யாக எழுதிக்கொண்டே இருந்தேன். உண்மையாகச் சொல்ல வேண்டிய நேரம் வந்தபோதும் அதே சொல்தான் எனக்கு வாய்த்தது.

"இல்லை வடிவு."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். தூற்றியிருந்தால் தேவலை. அவள் பனங்கிழங்குக் கட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். நானே பேசினேன். பதிவேட்டைச் சொன்னேன், எழுதிராதீக என்று கேட்டவர்களைச் சொன்னேன், எனக்குப் பட்டதைச் சொன்னேன். "உன் பிள்ளை நின்னிருக்கும்னு என்னால சொல்ல முடியாது வடிவு. சத்தியமா அது எனக்குத் தெரியாது" என்றேன்.

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்லா?"

அடுக்களைக்குப் போய்க் கடுகு டப்பாவின் அடியில் இருந்த தாளை எடுத்து வந்தேன். தன்யா இந்தத் தடவை தடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். முதல் பேராக சுடலைவடிவு என்று எழுதியபோது அவள் என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எழுத்துக்கூட்டித் தன் பேரைப் படித்தாள்.

"இதையும் எழுதுங்க சிஸ்டர்" என்றாள். "நான் ரெண்டு நாள்தான் கேட்டேன்."